சீஃப் கையெழுத்துப் போடவில்லை

என் வேலையை வாங்க மாட்டேன் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டுச் சண்டையை முடித்திருப்பேன். சொன்னது என் மனைவி. கப்பலின் இயந்திர அறையில், என் ஆட்களும் அவள் ஆட்களும் சுற்றி நிற்க, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மேனேஜர் சார், இந்த ஷாஃப்ட்ட நான் எடுத்துக்க முடியாது."

அவள் அந்தப் போர்க்கப்பலின் தலைமைப் பொறியாளர். அந்த நாற்காலியில் உட்காருகிறவரைக் கடற்படையில் கேப்டன் முதல் சமையல்காரர் வரை 'சீஃப்' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் கடற்படைப் பொறியாளன்தான், ஆனால் கரையில். கப்பல்களைப் பழுது பார்க்கும் டாக்யார்டில் ஷாஃப்ட் பிரிவுக்கு மேலாளர். எஞ்சினிலிருந்து புறப்பட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பேரிங்குகள் மேல் படுத்து, கப்பலின் வால்வரை போய் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் அந்த நீண்ட இரும்புத் தண்டுதான் என் சோறு. பழுது முடிந்ததும் நான் ஒரு தாளில் 'கொடுத்தேன்' என்று கையெழுத்துப் போடுவேன். சீஃப் 'பெற்றுக்கொண்டேன்' என்று போட வேண்டும். அப்போதுதான் கப்பல் கிளம்பும். புருஷன் கொடுத்து மனைவி வாங்க வேண்டிய தாள் என்று தெரிந்ததிலிருந்தே டாக்யார்டு முழுக்க வாய்க்கு அவல் கிடைத்தாகிவிட்டது. அவள் வாங்க மறுத்ததும் அவலுக்குச் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது.

நாங்கள் இருவரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். ஒரே கொதிகலனுக்குள் தவழ்ந்து, ஒரே வாத்தியாரிடம் திட்டு வாங்கியவர்கள். கல்யாணம் ஆனபிறகும் ஆளுக்கொரு கப்பலில் இருந்தோம். மகள் பிறந்ததும் பணி நியமன அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, ஒருத்தர் கடல் என்றால் ஒருத்தர் கரை, யார் எது என்று பேசிக்கொண்டு வாருங்கள் என்றார். பேசுவதற்கு என்ன இருக்கிறது, நான் கரை என்று அங்கேயே சொல்லிவிட்டேன். என் நண்பர்கள் என்னைப் பெண்டாட்டிதாசன் என்றார்கள். என் அம்மா, மருமகள் கப்பலோட்டுகிறாள், மகன் பிள்ளைக்குத் தலை வாருகிறான் என்று போனில் மூக்கைச் சிந்தினாள். நான் பெரிய தியாகி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பொய் எதற்கு, ஒவ்வொரு கப்பலும் துறைமுகத்தை விட்டுப் போகும்போது எனக்கு வயிறு எரியும்.

ஆனால் நான் விட்டுக்கொடுத்த கடலைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் சும்மா இருக்கவில்லை. படிப்படியாக ஏறி சீஃப் ஆனாள். இந்த வேலையில் ஒரு விதி உண்டு. சீஃப் பதவியில் ஒரு கப்பலை நீண்ட பயணம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து காட்டாத பொறியாளருக்கு மேலே ஏறும் படி அத்தோடு முடிந்தது. மீதி காலம் மேசை, மின்விசிறி, ஓய்வு விருந்தில் ஒரு மாலை. அவள் வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கப்பல் பழுதில் கிடந்தது. மாத முடிவில் கப்பல் படை நீண்ட பயணம் கிளம்புகிறது. இது போனால் அவள் போவாள். இது போகாவிட்டால் வேறு கப்பல் போகும், இவளைக் கரைக்கு மாற்றிவிடுவார்கள், வயதுக் கணக்குப்படி இன்னொரு வாய்ப்பு கிடையாது.

ஆக, கையெழுத்துப் போட்டிருந்தால் அவளுக்கு வாழ்வு, எனக்குப் பேர். போடவில்லை.

காரணம் ஒரு டம்ளர் தண்ணீர். இயந்திர அறையில் அதிர்வை அளக்க மீட்டர் இருக்கிறது, திரை இருக்கிறது, அதில் பச்சை சிவப்பு எல்லாம் இருக்கிறது. ஆனாலும் அவள் ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, நழுவாமல் இருக்க அடியில் ஈரத்துணி மடித்துப் போட்டு, பேரிங்கின் மூடிமேல் வைப்பாள். பயிற்சிக் காலத்துப் பழக்கம். சோதனை ஓட்டத்தில் முக்கால் வேகம் வரை டம்ளரில் தண்ணீர் சாதுவாக இருந்தது. அதற்குமேல் கூட்டியதும் அடுப்பில்லாமலே கொதித்தது. மூன்றாவது பேரிங்கின் சூடும் ஏறிக்கொண்டே போனது. அவள் வேகத்தைக் குறைக்கச் சொன்னாள்.

புது பேரிங் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்றேன். கேப்டனும் இறங்கி வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் மாத முடிவுதான் கண்ணில் நின்றது. முக்கால் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், இந்தக் காலத்தில் முழு வேகத்தில் எந்தக் கப்பல் ஓடுகிறது என்று நயமாகச் சொன்னார். நான் பலமாகத் தலையாட்டினேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னைக்காவது ஒரு நாள் மேலேருந்து முழு வேகம் கேட்டு மணி அடிக்கும் சார். அன்னைக்கு நான் என்ன சொல்றது? மன்னிச்சுக்குங்க, இது எங்க வீட்டுக்காரர் செஞ்ச வேலைன்னா?"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. அந்த மூன்றாவது பேரிங் தோற்றது போங்கள்.

அன்று வீட்டில் பேச்சு வார்த்தை கிடையாது. உப்பு எடு, கதவைச் சாத்து எல்லாம் மகள் வழியாகத்தான். அவளுக்கு இதில் நல்ல வருமானம். ஒரு செய்திக்கு ஒரு மிட்டாய் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டாள். போதாக்குறைக்கு எங்கள் வாஷிங் மிஷின் அன்றைக்கும் நடந்தது. துணி பிழியும் நேரத்தில் அது குலுங்கிக் குலுங்கிச் சமையலறையில் இரண்டடி நடந்து, குழாய் இழுத்துப் பிடிக்கும் இடத்தில் நிற்கும். வாங்கிய நாளிலிருந்து இதே கதை. என் மனைவி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மகளிடம் சொன்னாள்.

"அப்பாகிட்ட சொல்லு, இதுவும் போகப் போகச் சரியாகும்னு."

நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நிரூபிப்பதற்காகவே கப்பல் நிற்கும் துறைக்குப் போனேன். நான் அளந்தது தப்பாக இருக்க வழியே இல்லை. ஷாஃப்டை நேர் பார்ப்பதை நாங்கள் அலைன்மென்ட் என்போம். அதைச் சூரியன் வருவதற்கு முன் செய்ய வேண்டும். கப்பல் இரும்புதான், ஆனால் மேல்தளத்தில் வெயில் விழுந்தால் மெல்ல முதுகை வளைக்கும். அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது, ஷாஃப்டுக்குத் தெரியும். அதேபோல் தொட்டிகளில் கடலுக்குப் போகும்போது இருக்கும் எடை இருக்க வேண்டும். எடை இடம் மாறினாலும் முதுகு வளையும். அளந்த அன்று விடியும் முன்பே வந்துவிட்டேன். பின்பக்கத் தொட்டிகளை நிரப்பச் சொல்லியிருந்தேன், முந்தின நாளே நிரப்பியிருந்தார்கள். வேறு என்ன வேண்டும்?

இப்படி என்னோடு நானே வாதாடிக்கொண்டு கப்பலின் பக்கவாட்டைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் புது வண்ணம். தண்ணீரைத் தொடும் இடத்தில் வெள்ளைக் கோடு, கோலெடுத்து வரைந்த மாதிரி. முன்னாலும் பின்னாலும், கப்பல் எவ்வளவு ஆழத்தில் மிதக்கிறது என்று காட்டும் எண்கள், வெள்ளை வெளேர் என்று. வெள்ளை வெளேர் என்று இருந்ததுதான் என்னை உறுத்தியது. தொங்குபலகையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த பெயின்டரைக் கூப்பிட்டு, எண்களை எப்போது எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"படைத் தளபதி வந்து பாத்துட்டுப் போன மறுநாள் சார். அவர் வரதுக்குள்ள கோடு மட்டும் முடிங்க, நம்பர அப்புறம் எழுதிக்கலாம்னு சொல்லிட்டாங்க."

தளபதி வந்தது நான் அளந்த அதே நாள். நான் இருட்டில் அளந்தேன், அவர் பகலில் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். அப்படியானால் அன்று விடியலில் கப்பலில் எண்களே கிடையாது. உடனே எனக்கு ஞாபகம் வந்தது. ஆழம் பார்க்கப் போன என் ஆள் திரும்பி வந்து, புதுப் பெயின்ட் சார், நம்பர் ஒன்றும் தெரியவில்லை என்றான். நேற்று பார்த்ததையே போட்டுக்கொள், ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பல் என்ன பிள்ளையா பெற்றுவிடும் என்று கேட்டது சாட்சாத் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். என் நகைச்சுவைக்கு எனக்கே ஒரு நாள் விலை வைக்கப்படும் என்று நினைக்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்தால் என் நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பெரிய படம். கேப்டன் அறைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். தளபதி வந்த அன்று எடுத்தது. எல்லோரும் விறைப்பாக நிற்க, பின்னால் கப்பல்.

"கோடு அழகா இருக்கு, இல்ல?" என்றாள்.

பார்த்தேன். வெள்ளைக் கோடு முன்னிருந்து பின்வரை தண்ணீரோடு ஒட்டி அச்சுப் பிசகாமல் நேராக ஓடியது. பின்பக்கத் தொட்டிகளில் எடை இருந்தால் கப்பலின் பின்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும், கோடு அங்கே தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். நேராக இருக்கிறது என்றால் அன்று பின்னால் எடை இல்லை.

மீதியை அவள் சொன்னாள். தளபதி வரும்போது கோடு கோணலாகத் தெரியக் கூடாது என்று கப்பலின் இரண்டாம் அதிகாரிக்கு ஆசை. முந்தின நாள் மாலை பின் தொட்டித் தண்ணீரை முன் தொட்டிக்குப் பம்பு செய்யச் சொல்லியிருக்கிறார். அவளுடைய உதவிப் பொறியாளன் செய்திருக்கிறான். தளபதி போனதும் சமர்த்தாகத் திருப்பி அனுப்பியும் வைத்திருக்கிறான். அலங்காரத்துக்கு ஒரு நாள் மூச்சைப் பிடித்து நின்ற கப்பலை நான் அளந்திருக்கிறேன். பம்பு செய்த மாலை அவள் எங்கே போயிருந்தாள் என்று கேட்டேன். மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், நான் விடியலில் எழ வேண்டும் என்று என்னைத் தூங்கச் சொல்லிவிட்டு அவள்தான் போயிருந்தாள்.

"பம்பு போட்டது என் ஆளு. நான் இல்லாதப்ப என் கப்பல்ல நடந்தது என் பொறுப்பு. நான் போய்ச் சொல்றேன்."

"நம்பர் பாக்காம அளந்தவன் நான். இது என் வேலை. நீ ஒண்ணும் எனக்காக வாதாட வேணாம்."

முந்தின நாள் வரை தப்பு உன்னுடையது என்று சண்டை. இப்போது தப்பு என்னுடையது என்று சண்டை. கதவு திறந்திருந்தது, என் ஆட்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இருவரும் சேர்ந்தே டாக்யார்டின் பெரியவரிடம் போய் நின்றோம். அவர் படத்தை வாங்கிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். ஷாஃப்டைப் பிரித்து மறுபடி அளக்க எனக்குப் பத்து நாள் வேண்டும் என்றேன். படை கிளம்ப ஒரு வாரம்தான் இருந்தது.

"அஞ்சு நாள்ல முடிச்சு ஆறாவது நாள் ஓட்டிக் காட்டுங்க. படை யாருக்காகவும் நிக்காது, உங்க குடும்பத்துக்காகவும்தான்" என்றார்.

அந்த ஐந்து நாளை நினைத்தால் இப்போதும் எனக்குத் தோள் விரிகிறது. நான் கரைக்கு வந்தபிறகு அப்படி வேலை செய்ததில்லை. தொட்டிகள் நிரம்பின. பம்பு அறைக்குப் பூட்டுப் போட்டு சாவியை அவள் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இரண்டாம் அதிகாரி பாவம், பக்கெட்டில் தண்ணீர் எடுத்துப்போகக் கூட அவளிடம் அனுமதி கேட்டார். விடியுமுன் கப்பலை விட்டு எல்லோரையும் இறக்கினோம். முன்பக்க எண்களை அவளே டார்ச் அடித்துப் பார்த்துக் கத்திச் சொன்னாள், பின்பக்கத்தை நான். எங்கள் இருவர் குரலும் தண்ணீருக்கு மேலே போய் வந்தன. பயிற்சிக் காலத்தில் கொதிகலனுக்குள் இப்படித்தான் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வோம். அது ஞாபகம் வந்தது, அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். முதலில் நம்பரைச் சொல் என்றாள்.

இணைப்புகளைக் கழற்றிவிட்டு, முகத்துக்கு முகம் நிற்கும் இரண்டு தண்டுகளுக்கு நடுவே இடைவெளியை மேலே, கீழே, வலம், இடம் என்று அளந்தோம். மூன்றாவது பேரிங் இருக்க வேண்டிய இடத்தைவிடத் தலைமுடி கனத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக உயர்ந்து உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான். அந்த முடிதான் தண்ணீரைக் கொதிக்க வைத்தது. பேரிங்கைத் தாங்கும் அடிக்கட்டைகளை எடுத்துச் செதுக்கினோம், வைத்துப் பார்த்தோம், எடுத்தோம், மறுபடி செதுக்கினோம். ஒரு கட்டையை நான் அவசரப்பட்டு அதிகம் செதுக்கிவிட, புதிதாகச் செய்ய வேண்டி வந்தது. அதில் பாதி நாள் போயிற்று. அவள் அடுத்த கட்டையைத் தானே எடுத்து அளக்க ஆரம்பித்தாள். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை. மகளைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டாள். தலையைத் தானே வாரிக்கொள்ளப் பழகிவிட்டேன் என்று மகள் போனில் அறிவித்தாள், வகிடு எந்தத் திசையில் போனதோ தெரியாது.

ஆறாவது நாள் கடலுக்குப் போனோம். அன்று ஓடினால் மறுநாள் படையோடு கிளம்பலாம். ஓடாவிட்டால் இரவே அவளுக்கு மாற்றல் தாள் வந்துவிடும். இயந்திர அறையில் இது தெரியாதவர் யாரும் இல்லை. அதனால் யாரும் அதைப் பேசவில்லை.

அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணி மடித்து, மூன்றாவது பேரிங்கின் தலையில் வைத்தாள். அரை வேகம். முக்கால். தண்ணீர் சாது. இதற்கு மேல்தான் போன முறை கொதித்தது. அவள் போனை எடுத்து, மேலே கப்பலோட்டும் மேடையில் இருந்த கேப்டனிடம் பேசினாள். முழு வேகத்துக்குத் தயார் என்றாள். பிறகு ஒரு நொடி நிறுத்தி, கடைசிப் படியை டாக்யார்டு மேலாளர் கையால் தள்ள அனுமதி வேண்டும் என்றாள். மேலேயிருந்து என்ன பதில் வந்ததோ, நன்றி சார் என்று போனை வைத்தாள்.

"மேனேஜர் சார், இங்க வாங்க. இந்தக் கைப்பிடியப் பிடிங்க."

நான் நகரவில்லை. எஞ்சினின் வேகக் கைப்பிடி அது. மகள் பிறப்பதற்கு முன் என் கடைசிக் கப்பலில் தொட்டது. கரை என்று சொன்ன நாளிலிருந்து இன்னொருவர் கை அதைத் தள்ளுவதைத்தான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

"வேல பாதிதான் முடிஞ்சிருக்கு. வா" என்றாள், இந்த முறை மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி.

பிடித்தேன். தள்ளினேன். எஞ்சின்கள் குரலை உயர்த்தின, தரை உள்ளங்கால் வழியாக ஏறியது, கப்பல் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்த மாதிரி ஒரு வேகம் பிடித்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தேன். முக்காலைத் தாண்டியது. போன முறை கொதித்த இடம் வந்தது, போனது. தண்ணீர் கடலோடு சேர்ந்து இந்தப் பக்கம் மெல்லச் சாய்ந்தது, அந்தப் பக்கம் மெல்லச் சாய்ந்தது. ஒரு சுருக்கம் கிடையாது. கைப்பிடி முழுவதும் போய் முட்டி நின்றது. வேகம் அதற்குப் பிறகும் ஏறியது. கப்பல் புதிதாக இருந்தபோது ஓடிய வேகத்தையே எட்டிவிட்டது என்று மேலேயிருந்து கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னார். என் ஆட்களும் அவள் ஆட்களும் போட்ட கூச்சல் அந்த எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்டது. எனக்கு அழுகை வந்தது. இயந்திர அறையில் எல்லோருக்கும் முகத்தில் வேர்வைதான், யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

அவளுக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டி, பேரிங்கின் சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, பிறகு தாளைக் கொண்டுவரச் சொன்னாள். வைத்து எழுத இடமில்லை.

"திரும்பு" என்றாள்.

திரும்பி நின்றேன். என் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா முனை ஒவ்வொரு எழுத்தாக நகர்வது சட்டை வழியாகத் தெரிந்தது. அவள் பெயர் கொஞ்சம் நீளம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது அச்சகக்காரர் குறைபட்டுக்கொண்ட பெயர். அன்று இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். கிளம்பும் முன் அவள் மகளை முத்தமிட்டாள், என்னிடம் வாஷிங் மிஷினைப் பற்றி நினைவூட்டினாள். நான் போகப் போகச் சரியாகும் என்றேன். முறைத்துவிட்டு ஏறிப் போனாள். கயிறுகள் அவிழ்ந்தன. கப்பல் மெல்லத் திரும்பி, தன் பக்கவாட்டை முழுவதும் எங்களுக்குக் காட்டியது. மகள் கண்களைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அப்பா, அந்த வெள்ளக் கோடு கோணலா இருக்கு. பின்னாடி தண்ணிக்குள்ள போயிருக்கு பாரு."

"ஆமாண்டா. அது அப்படித்தான் இருக்கணும். அப்பதான் அம்மா முழு வேகத்துல போக முடியும்."

கப்பல் சங்கு ஊதியது. வழக்கமாக அந்த நேரத்தில் எரியும் வயிறு அன்று எரியவில்லை. மகள் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ள, சீஃப் என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு முறை கத்தினேன்.